கொடியைத் தூக்கிப் போடுவது

பொங்கலுக்கு வாங்கியதில் ஒன்று
கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உருண்டுபோய்
மாசி பிறந்தபோது ஊதா முளையோடு கிடைத்தது.
முளைத்ததை வேகவைக்க மனம் வரவில்லை.
அதுதான் தொடக்கம். வேறு பெரிய காரணம் இல்லை.

கொளத்தூரில் எங்கள் போர்ஷனுக்கும் மதிலுக்கும் நடுவே
மூன்றடி அகலத்தில் ஒரு சந்து.
தோண்டினால் செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு,
யாரோ தொலைத்த ஒரு ஸ்பூன்,
அதற்கும் கீழே, வீடுகள் வருமுன் இருந்த ஏரியின் களிமண்.
எதிர்வீட்டு வேலையில் மிஞ்சிய எம்-சாண்ட்
நாலு பாண்டு கேட்டு வாங்கிக் கலந்தேன்.
மேஸ்திரி கேட்டார், "என்னம்மா, பாத்ரூமா கட்டுறீங்க?"

முதலில் இலை. பிறகும் இலை.
மீட்டர் பெட்டியின் கீழே, உடைந்த சைக்கிளின் மேலே,
மகிழாவின் பழைய ஷூவுக்குள் ஒரு நுனி.
மதிலுக்கு அப்பாலிருந்து பிலோமினா எட்டிப் பார்த்தாள்.
"எரு நெறய கொட்டிட்ட. அதான் மேலயே கொழுக்குது.
கொஞ்சம் பட்டினி போடு.
வாரத்துக்கு ஒருதடவை கொடியத் தூக்கிப் போடு.
விட்டா கணுவுக்குக் கணு வேர் வுட்ரும்,
ஒரு எடத்துலயும் கெழங்கு பெருக்காது."

மருந்துக்கடைக்கு விடுமுறையான ஞாயிறுகளில்
தூக்கிப் போட்டேன்.
மெல்ல இழுத்தால் விரலுக்கு மட்டும் கேட்கும் ஒரு சத்தம்,
பித்தான் நூல் அறுவதுபோல.
மயிர் கனத்தில் வெள்ளை வேர்கள்
வெயிலைப் பார்த்துச் சுருண்டன.

வில்லிவாக்கம், பாடி, பெரவள்ளூர்,
அயனாவரத்தில் மட்டும் இரண்டு வீடு.
பள்ளிப் படிவத்தில் விலாசம் எழுதும் இடத்தை
மகிழா பென்சிலால்தான் நிரப்புவாள்.

சித்திரைக் கடைசியில் தணிகாசலம் சார் வந்தார்,
செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார்.
மகன் பெங்களூரை விட்டு வருகிறானாம்.
"வைகாசிக்குள்ள பாத்துக்குங்க."
கிழங்குக்கு இன்னும் ஒரு மாதம் வேண்டுமென்று
இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?
சொன்னேன்.
சிரித்தார்.

கத்திரி வெயில் தணியுமுன் தோண்டினேன்.
முதலில் கரண்டி, பிறகு கை.
விரல் பருமனில் ஆறு. மகிழா எண்ணிவிட்டு
"எலிக்குட்டிங்க" என்றாள்.
ஒன்று மட்டும் பெரிது.
மதிலின் அடியில் தலையை நுழைத்து
பாதி இந்தப் பக்கம், பாதி பிலோமினா பக்கம்.
இழுத்தேன், அசையவில்லை.
வெட்டி எடுத்திருக்கலாம்.
மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துச் சமமாக்கினேன்,
எதையோ திருடிப் புதைத்தவள்போல.

அட்வான்ஸில் பெயிண்டுக்கு எட்டாயிரம்,
குழாய்க்கு எழுநூறு, அடிக்கக் கூடாத ஆணி இரண்டுக்கு இருநூறு,
'சந்து கிளறியது' எனத் தனி வரியில்
ஆயிரத்து ஐநூறு.
சாருடைய கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

புது வீடு மூன்றாம் மாடி.
பால் காய்ச்சிய அதே பாத்திரத்தைக் கழுவி
ஆறையும் வேகவைத்தோம்.
நார் அதிகம். இனிப்பு பரவாயில்லை.
தோலோடு தின்றாள் மகிழா.

ஆடியில் ஒருநாள், தெரியாத எண்.
பெயர் மெஹருன்னிசா.
அந்தப் போர்ஷனில் இப்போது இவர்கள்தான்.
(மகன் வரவில்லை. வாடகை மூவாயிரம் கூட.)
"பக்கத்து வீட்டக்கா உங்க நம்பர் குடுத்தாங்க.
சந்துல ஒரு கொடி வந்துக்கிட்டே இருக்கு.
சாப்பிடுறதா அது? புடுங்கிடட்டுமா?"

தண்ணீர் அளவாக, எரு வேண்டாம்,
கொழுந்து இலையைப் பருப்போடு கடையலாம் என்றேன்.
பெரிய கிழங்கைப் பற்றிச் சொல்லவில்லை.
"அப்புறம், வாரத்துக்கு ஒருதடவை..."

அவள் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.
யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாரத்துக்கு ஒருதடவை?"

"ஒண்ணுமில்லங்க.
அது பாட்டுக்கு விட்டுடுங்க."